வருகைக்கு முந்தைய நாள்

திருத்தணி மலையடிவாரத்தில் வாழ்வோருக்கு அயல்நாட்டு இசையைப் பற்றிய பேச்சு புதிதன்று. முத்துசுவாமி தீட்சிதர் தமது முதற் கீர்த்தனையை இம்மலையில்தான் பாடினார் என்பது இசையுலகம் போற்றிவரும் மரபு. அதே தீட்சிதர்தாம் ஆங்கிலேயரின் பேண்டு வாத்திய மெட்டுகளைச் செவிமடுத்து, அவற்றுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வரம் என்று அவற்றை இன்றும் பாடுகிறார்கள். இத்தகைய ஊரிலிருந்து எழுதும் நாம் சுவீடன் நாட்டுப் பாடல் ஒன்றைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொண்டால் வாசக அன்பர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

சென்ற ஆண்டுத் திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரம் அது. நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தார். முன்பு பீடச் சிறுவராய் இருந்தவர். ஆறு ஆண்டுகளாக ஸ்டாக்ஹோம் நகரில் கணிப்பொறிப் பணி. மாலை வேளையில் பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு ஓர் ஒழுங்கில் நில்லாமல், பனியிலிருந்து ரொட்டி விலைக்கும், ரொட்டி விலையிலிருந்து பாட்டுக்கும் தாவியது.

"ஃபாதர், டிசம்பரில் அங்கே பகல் ஆறு மணி நேரம்தான். மூன்று மணிக்கே இருட்டிவிடும். அந்த இருட்டில் அறைக்குள் உட்கார்ந்து, மின்னணுக் கருவிகளோடு பேசிப் பேசியே அவர்கள் உலகத்துக்கெல்லாம் பாட்டுச் செய்து அனுப்புகிறார்கள்" என்றார். அபா, ராக்செட், ரோபின், அவீச்சி என்று பெயர்களை அடுக்கினார்.

சுவீடன் நமக்கு முற்றிலும் அயலானதன்று. திருவொற்றியூர்ப் பக்கத்து விம்கோ நகருக்குப் பெயர் தந்த தீப்பெட்டிக் கம்பெனி, 1923இல் சுவீடன் நாட்டு நிறுவனம் தொடங்கியதுதான். 1921இல் தமிழ் லுத்தரன் திருச்சபையின் முதல் தரங்கம்பாடிப் பேராயராகப் பொறுப்பேற்ற எர்னஸ்ட் ஹியூமனும் சுவீடன் நாட்டவரே. 'அபா' என்ற பெயர் நால்வரின் முதற்பெயர்களின் தலையெழுத்துகளைச் சேர்த்து அமைத்தது. அந்நாட்டில் மீன் பதப்படுத்தும் நிறுவனம் ஒன்றுக்கும் இதே பெயர் உண்டு. கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவர் தம் தந்தையை அழைத்த அரமேயச் சொல்லும், நம் வீட்டுப் பிள்ளைகள் அழைக்கும் சொல்லும் ஏறத்தாழ அதுவே என்று நாம் சொன்னபோது, அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆறு ஆண்டுகளில் அது தமக்குத் தோன்றவேயில்லை என்றார்.

இருட்டும் இயந்திரமும் சேர்ந்தே அந்நாட்டு இசையைப் பிறப்பித்தன என்ற அவர் கருத்து பாதி உண்மைதான். மீதிப் பாதியை அவர் பேச்சே வெளிப்படுத்தியது. டிசம்பர் 13 அன்று பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் பிள்ளைகள் வெண்ணுடை அணிந்து, மெழுகுதிரி ஏந்திப் பாடி வருவார்களாம். சிசிலித் தீவின் மறைச்சாட்சியான புனித லூசியாவின் திருநாளை, லுத்தரன் மரபில் வளர்ந்த மக்கள் இன்றும் பாட்டாலேயே கொண்டாடுகிறார்கள். பாடற்குழுக்கள் அங்கே ஊர்தோறும் உண்டு. 1940களிலிருந்து நகராட்சிகளே இசைப்பள்ளிகளை நடத்திவருகின்றன. உலகெங்கும் ஒலிக்கும் ஆங்கிலப் பாடல்கள் பலவற்றை ஸ்டாக்ஹோமிலிருந்து இயற்றிய மாக்ஸ் மார்ட்டின், தம் உயர்வுக்கு அப்பொது இசைக்கல்வியே காரணம் என்று சொன்னவர். எனவே அங்கே கருவிக்கு முன்னால் குரல் இருந்தது. சேர்ந்து பாடிப் பழகிய மக்கள், பிறகே இயந்திரத்தைத் தொட்டார்கள்.

அன்று தம் கைப்பேசியில் அவர் ஒலிக்கவிட்ட பாடல்களுள் ஒன்று நம்மை விடாமல் பற்றிக்கொண்டது. 'நீ வருவதற்கு முந்தைய நாள்' என்று அதன் தலைப்பைத் தமிழ்ப்படுத்தலாம். அபா குழுவினர் 1982இல் வெளியிட்டது. ஏறத்தாழ ஆறு நிமிடம் ஓடும் பாட்டில் பல்லவி என்று தனியாக ஏதுமில்லை. இசை, பெரும்பாலும் பென்னி ஆண்டர்சனின் சிந்தசைசர் ஒலிகளாலேயே நெய்யப்பட்டது. பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டைப் பக்கம் விசைத்தறிக் கூடங்களைக் கடந்து நடந்தவர்களுக்கு இந்தச் சீரான, மாறாத தாளம் பழக்கமானதே.

அத்தாளத்தின்மேல் அக்னீத்தா ஃபெல்ட்ஸ்கோக் தன் ஒரு நாளைச் சொல்லிச் செல்கிறார். காலையில் புறப்பட்டது, ரயிலில் செய்தித்தாள் படித்தது, அலுவலகத்தில் காகிதங்களில் கையெழுத்திட்டது, வழக்கமான இடத்தில் மதிய உணவு, மாலை ரயில், தொலைக்காட்சி, உறக்கம் என்று இவ்வளவுதான் செய்தி. ஆனால் இவற்றுள் எதையும் அப்பெண் உறுதியாக நினைவுகூர்வதில்லை. நாள்தோறும் செய்வதுதானே, ஆகவே அன்றும் செய்திருக்கக்கூடும் என்று ஊகித்தே சொல்கிறாள். தான் வாழ்ந்த நாளுக்குத் தானே சாட்சி சொல்ல இயலாத நிலை அது. பியார்ன் உல்வேயுஸ் எழுதிய இவ்வரிகளின் ஆற்றல் முழுவதும் இந்த ஊகிக்கும் இலக்கணத்தில் அடங்கியுள்ளது. எழுதியவர் பாடியவரின் முன்னாள் கணவர் என்பதையும் சேர்த்து எண்ணும்போது, குரலில் உள்ள அடக்கம் மேலும் கனக்கிறது.

இப்பாட்டைக் கேட்கும்போது நம் மனக்கண்முன் வந்தவர்கள் ஸ்டாக்ஹோம் மக்கள் அல்லர். திருத்தணியிலிருந்து விடியுமுன் புறப்படும் மின்சார ரயிலில், அரக்கோணம் வழியாக எண்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, சென்னையில் வேலை பார்த்துவிட்டு, இருட்டிய பின் வீடு திரும்பும் நம் பங்கு மக்களே. "நேற்று என்ன செய்தீர்கள்?" என்று அவர்களைக் கேட்டால், "என்ன சாமி, வழக்கம்போலத்தான்" என்பார்கள். அந்த 'வழக்கம்போல' என்ற சொல்லுக்கு இசை அமைத்தால் இப்பாடல் கிடைக்கும். இயந்திர ஒலி இங்கே அலங்காரத்துக்கு வரவில்லை. உயிரற்றுக் கழிந்த நாளின் ஒலியாகவே வருகிறது. அதன்மேல் பாடும் மனிதக் குரலோ, அந்த நாளில் ஏதோ குறைந்தது என்பதைச் சொல்லாமலே உணர்த்துகிறது.

வந்தவர் யார்? பாடல் சொல்வதில்லை. காதலன் என்று கொள்வோர் பலர். இசையின் துயரத்தைக் கேட்டு, வந்தது சாவு என்று கொள்வோரும் உண்டு. நமக்கோ திருவிவிலியத்தின் பக்கங்கள் நினைவுக்கு வந்தன. மத்தேயு சுங்கச்சாவடியில் கணக்குப் பார்த்த கடைசி நாள் எப்படி இருந்திருக்கும்? சீமோன் வலையை அலசிய அந்தக் காலைக்கு முந்தைய காலை? பெத்லகேம் வயல்வெளியில் இடையர் காவல் காத்த முந்தைய இரவு? நற்செய்தியாளர்கள் அந்நாள்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. எழுதுவதற்கு அவற்றில் ஒன்றுமில்லை என்பதே காரணமாக இருக்கலாம். ஒருவர் வந்து நின்ற பிறகுதான், அவருக்கு முந்தைய நாள் 'முந்தைய நாள்' என்ற பெயரைப் பெறுகிறது.

ஆயினும் இப்பாடலுக்கு அவசரப்பட்டுத் திருமுழுக்குக் கொடுத்துவிட நாம் விரும்பவில்லை. இதன் குறை வெளிப்படையானது. இப்பெண் காத்திருக்கவில்லை; தனக்கு ஒன்று குறைகிறது என்பதையே அவள் அறியவில்லை. வந்தவரைப் பற்றியும், வந்த பின் மாறிய வாழ்வைப் பற்றியும் பாடலில் ஒரு சொல்லுமில்லை. கதவு தட்டப்படும் ஒலி கேட்குமுன்னரே பாட்டு நின்றுவிடுகிறது. திருவருகைக் காலத்துக்கு முந்தைய மனிதரின் பாட்டு இது என்பதற்குமேல் நாம் சொல்வதற்கில்லை. ஆனால் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாத அதன் நேர்மை, பக்திப் பாடல்கள் சிலவற்றிலும் நாம் காணாத ஒன்று.

இதற்கு நேர்மாறான மற்றொரு பாடலையும் அன்று கேட்டோம். அவீச்சி என்ற பெயரில் இசையமைத்த டிம் பெர்க்லிங் 2013இல் வெளியிட்டது. பௌத்த நூல்கள் கூறும் அடிநரகமாகிய அவீசியின் பெயரையே அவர் தமக்குச் சூட்டிக்கொண்டார். கிதாரும் நல்லதொரு மனிதக் குரலுமாகத் தொடங்கும் பாட்டு, படிப்படியாக விசை ஏறி, ஒரு கணம் நின்று, பின் மின்னணு ஒலியாக வெடிக்கிறது. இவ்வகை நடன இசையின் உத்தியே இதுதான். எதிர்பார்ப்பை எழுப்புவார்கள், எண்ணி வைத்த அளவில் அதைத் தவறாமல் நிறைவேற்றுவார்கள். உடல் துள்ளுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் இது காத்திருத்தல் ஆகுமா? வருவது எந்த நொடியில் வரும் என்று முன்பே தெரிந்த இடத்தில் இருப்பது எண்ணிக்கை மட்டுமே. இத்தனை பேரை ஆடவைத்த அவ்விளைஞர், உடல்நலம் குன்றி, 2016இல் மேடை நிகழ்ச்சிகளிலிருந்து விலகினார். 2018 ஏப்ரலில், இருபத்தெட்டு வயதில், ஓமன் நாட்டின் மஸ்கட்டில் இறந்தார். அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை. இயந்திரத்துக்குக் களைப்பில்லை, மனிதருக்கு உண்டு என்பதை மட்டும் நினைவில் கொள்வோம்.

இப்போது நம் ஆலயங்களுக்கு வருவோம். குருமடத்தில் நாம் பயின்ற காலத்தில், 1992இல் 'ரோஜா' படப் பாடல்கள் வந்தன. எது வாத்தியம், எது சிந்தசைசர் என்று பிரித்தறிய இயலாமல் வியந்தோம். சில ஆண்டுகளில் அவ்வொலி ஆலயத்துக்குள்ளும் வந்தது. ஆர்மோனியம் மூலைக்குப் போனது; கீபோர்டு வந்தது. அதற்குள்ளேயே அடைத்து வைத்த தாளங்களும் வந்தன.

திருச்சபை இதைப் பற்றிச் சிந்திக்காமல் இல்லை. 1958 செப்டம்பரில் உரோமைத் திருச்சடங்குப் பேராயம் வெளியிட்ட அறிவுரை, குழாய் ஆர்கன் வாங்க வசதியற்ற இடங்களில் மின்னணு ஆர்கனைத் தற்காலிகமாகப் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. தானே இயங்கும் கருவிகளையும் இசைத்தட்டு, ஒலிநாடா போன்றவற்றையும் திருவழிபாட்டிலிருந்து முற்றாக விலக்கியது. 1963 டிசம்பர் 4 அன்று வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, வழிபாட்டுக்குத் தகுதியான பிற இசைக்கருவிகளுக்கும் கதவைத் திறந்தது. ஆனால் அந்த ஏடு முழுவதும் வலியுறுத்துவது ஒன்றே: இறைமக்களின் முழுமையான, உணர்வுள்ள, செயலார்ந்த பங்கேற்பு. கருவி எதுவாயினும், மக்களின் வாய் திறக்கிறதா என்பதே அளவுகோல்.

இந்த அளவுகோலில் நாமே தவறியதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு இரவில் நம் பாடற்குழுவுக்குப் பயிற்சி போதவில்லை. பாடுவோர் பலர் சென்னைக்கு வேலைக்குப் போய்வருபவர்கள். பதிவு செய்த பாடல்களை ஒலிபெருக்கியில் போட்டுவிடலாமா என்று கேட்டார்கள். நாமும் களைத்திருந்தோம், சரி என்றோம். ஒலி குறையின்றி அமைந்தது. சுருதி பிசகவில்லை. மக்கள் கைகட்டி நின்று கேட்டார்கள். திருப்பலி முடிந்து, விசைத்தறி வீடு ஒன்றைச் சேர்ந்த முதிய அம்மா ஒருவர் நம்மிடம் வந்தார். "பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு சாமி. ஆனா நாங்க பாடறதுக்கு எடமே இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் ஓராண்டு நம்மை விட்டு அகலவில்லை.

அயல்நாட்டு இளைஞர் பாட்டை நிறுத்தியபோது இதைச் சொன்னோம். பிறகு கேட்டோம்: "அங்கே இத்தனை பாடற்குழு இருக்கிறதே, நீங்கள் எதிலாவது சேர்ந்தீர்களா தம்பி?" சற்று நேரம் பேசாதிருந்தார். "இல்லை ஃபாதர். கேட்பதோடு சரி" என்றார். அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. சுவீடனின் கருவியையும் ஒலியையும் உலகம் எளிதில் வாங்கிக்கொண்டது. அதற்கு அடியில் இருந்த, பாடிப் பழகிய தொண்டைகளை யாரும் விலைக்கு வாங்க முடியாது. அவை ஊர் ஊராக, சனிக்கிழமை சனிக்கிழமையாக, பிசகிப் பிசகித்தான் உருவாகும்.

அதற்குச் சான்று தேடி ஸ்டாக்ஹோம் போக வேண்டியதில்லை. ஆண்டுதோறும் டிசம்பர் 31 அன்று நம் எதிரில் உள்ள மலையில் திருப்படித் திருவிழா நடக்கிறது. ஆண்டின் நாள்களைப் போல் முந்நூற்று அறுபத்தைந்து படிகள். படிதோறும் நின்று பாடி ஏறுகிறார்கள். நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் கற்றுக்கொள்ள வெட்கமில்லை. ஒரு நாளுக்கு ஒரு படி. ஒரு படிக்கு ஒரு பாட்டு. வழக்கம்போலக் கழிந்துபோகும் எந்த நாளையும் அவர்கள் பாடாமல் தாண்டுவதில்லை.

அன்றுமுதல் நம் பங்கில் ஒரு சிறு மாற்றம். கீபோர்டை அகற்றவில்லை, அதன் தாளப் பொத்தானைத் திருவருகைக் காலம் முழுவதும் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம். சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு, மாலை ரயிலில் வந்து இறங்குவோருக்காகவே பயிற்சி. முதல் வாரம் ஐவர் வந்தார்கள். அந்த இளைஞரும் ஊர் திரும்புவதற்குமுன் இரண்டு சனிக்கிழமை வந்து, பின்வரிசையில் நின்று பாடினார். தாளம் இழுத்தது. இரண்டாம் அடியில் சுருதி இறங்கியது. நிறுத்திவிட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம்.