பேரகராதியும் கணினியும்: நம்மவர் சொற்களை என்ன செய்வது?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. 1939இல் அனுபந்தமும் சேர்ந்தது. பின்னர் சிக்காகோ பல்கலைக்கழகம் அதனைக் கணினியிலே தேடத்தக்கதாக்கியது. கனத்த புத்தகங்களைப் புரட்டிக் களைத்த என் போன்றவர்களுக்கு இது பெரிய உபகாரம்தான். ஆனால் 'புதுப்பிப்போம், தரப்படுத்துவோம்' என்ற பேச்சு வரும்போது எனக்குக் கொஞ்சம் பயம்.

நம்மவர் சொற்களுக்குப் பேரகராதி 'முகம்மதியர் வழக்கு' எனப் பொருள்படும் ஆங்கிலச் சுருக்கக்குறியைப் போட்டிருக்கிறது. இன்று நாம் அப்படிச் சொல்வதில்லை. கணினியில் ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் 'முஸ்லிம் வழக்கு' என்று மாற்றிவிடலாம். வாசிப்பவர் கண்ணுக்கு மாற்றத்தான் வேண்டும். அடியிலே பழைய குறி அப்படியே கிடக்கட்டும். அன்றைய சென்னைப் புலவர்கள் நம்மை எப்பெயரால் அழைத்தார்கள் என்பதும் சரித்திரச் சான்று. அழித்துவிட்டால் பிறகு எங்கே தேடுவது?

எழுத்துக்கூட்டல் இதைவிடச் சிக்கல். தொழுகைக்கு முன் செய்வதை ஒளு, உளு, வுழு என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். மௌத்து, மவுத்து, மௌத் மூன்றும் கணினிக்கு மூன்று சொற்கள். ஒன்றைத் தலைச்சொல்லாக்கி மற்றவற்றை அதனோடு கோத்துவிடுவது நல்லது. அரபு எழுத்தைப் பார்த்து 'சரியான' வடிவம் இதுதான் என்று மற்றவற்றைத் தள்ளுவதை நான் ஏற்கமாட்டேன். உம்மா வாயிலே வந்த சொல்லைப் பிழையென்று அகராதியா சொல்வது?

பேரகராதியின் பெரிய குறை வேறு. மேற்கோளில் நூற்பெயர் உண்டு, ஆண்டு இல்லை. ஒக்ஸ்போர்ட் அகராதியைப்போல ஒரு சொல் எப்போது எழுத்தில் வந்தது என்று பார்க்க வழியில்லை. இங்கேதான் கணினி மெய்யாக உதவும். நூற்சுருக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டவணையில் காலத்தைக் கொடுத்துவிட்டால் மேற்கோள்கள் தாமாக வரிசைப்படும். (சங்க நூல்களுக்கு எந்தக் காலம் கொடுப்பதென்று அடிபடுவார்கள். பதிப்பாசிரியர் வையாபுரிப்பிள்ளையின் கால ஆராய்ச்சி பட்ட பாடு தெரியும்தானே.)

நமது பழைய உரைநடைக்கு அந்தத் தொல்லை குறைவு. சித்திலெவ்வையின் 'முஸ்லிம் நேசன்' 1882இல் தொடங்கியது; 'அசன்பே சரித்திரம்' 1885. ஆண்டு நிச்சயமாகத் தெரிந்த எழுத்து. இலங்கைப் பழம் நூல்கள் பலவற்றை நூலகம் நிறுவனம் படமாக்கி வைத்திருக்கிறது. ஆனால் படத்திலே சொல் தேட முடியாது; எழுத்தாக்க வேண்டும். பழைய அச்சின் 'ணை', 'றா' உருவங்களில் கணினி தடுமாறும். மெய்ப்புப் பார்க்க அரபு தெரிந்த ஒருவரும், ஊர்ப்பேச்சுத் தெரிந்த ஒரு மூத்தம்மாவும் பக்கத்தில் இருக்க வேண்டும். மூத்தம்மாவைத்தான் முதலில் தேட வேண்டும். மற்றவர் பிறகும் கிடைப்பார்.