இமை எழுதிய நூல்: தனிமனித சாதனையா, கூட்டுழைப்பா?

இலக்கியம் தனிமனித மேதையின் விளைபொருள் என்னும் கருத்து நம்மிடையே இன்னும் ஆழமாக வேரூன்றி நிற்கிறது. ஓர் ஆக்கம் தோன்றுவதற்கு வேண்டிய கருவி, உழைப்பு, பொருள்வளம் ஆகியவை பற்றி வினவுவோர் மிகச் சிலரே. அவ்வினாவைத் தட்டிக்கழிக்க முடியாதபடி நம்முன் நிறுத்தும் நூல் ஒன்றுண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் ழான் டொமினிக் போபி ஆக்கி, 1997 மார்ச்சில் வெளிவந்த 'நீர்மூழ்கிக் கவசமும் வண்ணத்துப்பூச்சியும்' என்பதே அந்நூல்.

'எல்' என்னும் மகளிர் சஞ்சிகையின் பிரதம ஆசிரியராக விளங்கிய போபி, 1995 டிசம்பர் 8ஆந் திகதி பாரிசவாதத்தால் வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது 43. ஏறத்தாழ மூன்று வாரம் நினைவிழந்து கிடந்து மீண்டபோது, அறிவும் நினைவாற்றலும் பழுதின்றி இருந்தன, உடல் இயங்கவில்லை, நாவும் இயங்கவில்லை. கருத்தைப் புலப்படுத்த எஞ்சியது இடக்கண் இமை ஒன்றே. பிரான்சின் வடகரையிலுள்ள பெர்க் நகர வைத்தியசாலையில் பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவர் அவருக்கு வழியொன்றை வகுத்துக் கொடுத்தார். பிரெஞ்சு மொழியில் மிகுதியாக வரும் எழுத்து முதலாக, அருகி வரும் எழுத்து ஈறாக நெடுங்கணக்கு மாற்றி அடுக்கப்பட்டது. எதிரே இருப்பவர் எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்ல, வேண்டிய எழுத்து வந்ததும் போபி இமைப்பார். 1996ஆம் ஆண்டுக் கோடையில், வெளியீட்டகத்தார் அனுப்பிய குளோத் மாந்திபில் என்னும் பெண்மணி இம்முறையிலேயே நூல் முழுவதையும் எழுதியெடுத்தார். நூல் வெளிவந்த சில நாட்களில், மார்ச் 9ஆந் திகதி, போபி காலமானார்.

இந்நூலைப் போற்றியோர் பலரும் மனவுறுதியின் வெற்றியாகவே இதனைக் கண்டனர். 2007இல் ஜூலியன் ஷ்னாபெல் இதனைத் திரைப்படமாக்கி, கான் விழாவில் சிறந்த நெறியாளருக்கான பரிசைப் பெற்றார். போபியின் மனவுறுதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் நூலை ஊன்றிப் படிப்போர், அது வேறொரு செய்தியையும் கூறுவதைக் காண்பர். மூக்குக்கண்ணாடி வேண்டும் என்று சொல்ல முயன்ற போபியிடம், சொல்லின் முதற்பாதி பிரெஞ்சு மொழியில் நிலவைக் குறித்தமையால், நிலவு எதற்கு என்று கேட்கிறார் ஒருவர். உதைபந்தாட்டம் பாதியில் நிற்கையில், வைத்தியசாலை ஊழியர் ஒருவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுச் செல்கிறார். வேண்டாம் என்று தடுக்கப் போபியிடம் குரல் இல்லை. தொலைபேசியில் அன்பர்களின் பேச்சு கேட்கிறது. மறுமொழி கூற இயலவில்லை.

இவை அற்ப நிகழ்ச்சிகளாகத் தோன்றலாம். நூலின் உயிர்நிலை இவற்றிலேயே உள்ளது என்பது நமது துணிபு. புத்தகம் எழுதுவது வாழ்வில் என்றோ ஒருநாள் நிகழ்வது. வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும், பகிடி விடுவதும், கடையில் விலை கேட்பதும் அன்றாடம் நிகழ்பவை. புனர்வாழ்வு என்பது தசைகளைப் பயிற்றுவதோடு முடிந்துவிடுவதன்று. மனிதனை மீண்டும் மனிதர் நடுவே பங்காளியாக அமர்த்துவதே அதன் முடிவான நோக்கம். உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட வகைப்பாடும் உடற்குறையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாது, வாழ்க்கையிற் பங்கேற்பையும் சுற்றுச்சூழலின் தடைகளையும் கணக்கில் எடுத்தது.

போபி தம் நிலையை அலெக்சாந்தர் டூமாவின் 'மொன்தே கிறிஸ்தோ பிரபு' நாவலில் வரும் நுவார்த்தியே என்னும் முதியவரோடு ஒப்பிடுகிறார். 1844 முதல் 1846 வரை தொடராக வந்த அந்நாவலில், கண்ணால் மட்டுமே பேசும் அம்முதியவர் சட்ட எழுத்தர் முன்னிலையில் மரணசாசனம் எழுதுவிக்கிறார். முதலில் ஐயுற்ற எழுத்தர், கண்ணசைவு தெளிந்த அறிவின் மொழியே எனச் சோதித்து ஏற்றுக்கொள்கிறார். பேச்சிழந்தவனின் சொத்தையும் வாக்கையும் பிறர் கையாள்வது தகுமா என்னும் வினாவை வெகுசன நாவலாசிரியர் ஒருவர் அன்றே எழுப்பிவிட்டார். தொடர்பாடற் கருவி வெறும் வசதி அன்று. உரிமையின் வாயில் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, போபிக்குக் கிடைத்தவற்றை எண்ணிப் பார்ப்போம். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர், வசதி வாய்ந்த வைத்தியசாலை, ஆள் அனுப்பிய வெளியீட்டகம், புகழ் வாய்ந்த நண்பர்கள்: இத்தனையும் அவருக்கு வாய்த்தன. அதே தாழ்வாரத்தில் கிடந்த ஏனைய நோயாளரைப் போபி கூரிய எள்ளலோடு வருணிக்கிறார். அவர்களுக்கு எழுத்துக்களைச் சொல்லிக் கொடுக்க யார் வருவார் என்னும் வினா நூலில் எழவில்லை. இது நூலின் வர்க்க எல்லை. ஆனால் தம்மைப் போன்றோருக்கான சங்கம் ஒன்று 1997இல் தோன்றுவதற்கு அவர் காரணராயிருந்தார் என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது. நூல் கேளாத வினாவுக்குச் செயல் ஓரளவு விடை கூறியது.

இன்று விழியின் அசைவைப் பின்தொடர்ந்து எழுத்தைத் தெரியும் கணினிகள் உள்ளன. எழுதியதை உரத்து வாசிக்கும் செயற்கைக் குரல்களும் உள்ளன. ஆனால் அவை யார் கைக்கு எட்டுகின்றன? உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 250 கோடிக்கு மேற்பட்டோருக்கு ஏதேனுமோர் உதவிச் சாதனம் தேவை. அவர்களுள் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு அது கிடைப்பதில்லை. சில வறிய நாடுகளில் தேவையுடையோருள் 3 வீதத்தினரே அதனைப் பெறுகின்றனர். சில செல்வ நாடுகளில் 90 வீதத்தினர் பெறுகின்றனர். ஊமைத்தனத்தின் ஒரு பகுதி நோயினால் வருவது. மறுபகுதி விநியோகத்தினால் வருவது.

தமிழாசிரியர்களாகிய நமக்கு இங்கே தனிக்கடமையும் உண்டு. 247 எழுத்துக்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்வது இமைக்கும் பொறுமைக்கும் ஒவ்வாது. ஆனால் முதலில் பதினெட்டு மெய்யுள் ஒன்றையும், பின்னர்ப் பன்னிரண்டு உயிருள் ஒன்றையும் கேட்டால், முப்பது அழைப்புக்குள் எந்த உயிர்மெய்யையும் எட்டலாம். பாலர் வகுப்பில் நாம் கற்பிக்கும் நெடுங்கணக்கு அட்டவணையே இதற்கு அடித்தளமாகும். மிகுதியாக வரும் எழுத்துக்களை முன்னே நிறுத்தினால் வேகம் இன்னும் கூடும். விலையுயர்ந்த கருவி வரும்வரை, மட்டையில் எழுதிய இவ்வட்டவணை ஒருவனது வாயைத் திறக்கும். எனினும், மட்டை உண்டு என்று காட்டிக் கருவியை மறுக்கும் அதிகாரிக்கு நாம் இடங்கொடுத்தல் ஆகாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றது. அதன் 21ஆம் உறுப்புரை, ஒருவர் தாம் தெரிந்தெடுத்த தொடர்பாடல் முறையிற் கருத்துரைக்கும் உரிமையைக் கூறுகிறது. ஏற்ற நாட்டினிடம் அதனைக் கேட்டுப் பெறுதல் இரப்பதாகாது.

போபியின் நூலைப் படியுங்கள். மாணவருக்கும் அறிமுகஞ் செய்யுங்கள். இமைத்தவரைப் பாராட்டும்போது, எழுத்துக்களைச் சலியாது சொல்லிச் சென்ற குரலையும் மறவாதீர்கள். அக்குரல் ஒருவருக்கு மட்டும் வாய்த்த பேறாக இருக்கும்வரை, நம் சமுதாயத்தில் எத்தனையோ நூல்கள் இமைகளுக்குள்ளேயே மடிந்துபோகும். எத்தனையோ 'வேண்டாம்'களும் கேட்கப்படாமற் போகும்.