ஐந்து ஃபார்வர்டும் ஒரு ஃபோன் நம்பரும்

மொபைலால் அமைதியை வளர்க்கலாம் என்று சொல்லும் கட்டுரை எதைத் திறந்தாலும் உஷாஹிடி வந்து நிற்கும். 2008 தொடக்கத்தில் கென்யாவில் தேர்தல் கலவரம். எங்கே என்ன நடக்கிறது என்று மக்கள் அனுப்பிய தகவல்கள் இணைய வரைபடத்தில் புள்ளிகளாயின. ஸ்வாஹிலியில் அந்தப் பெயருக்கு 'சாட்சியம்' என்று பொருள். நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனா சாட்சியம் தூரத்தில் இருப்பவருக்குத்தான் அதிகம் உதவும். பக்கத்துத் தெருக்காரர் வரைபடத்தைப் பார்த்தா கோபத்தை அடக்கப் போகிறார்?

நம்ம பக்கத்துக்கு வருவோம். 2019 ஏப்ரல், மக்களவைத் தேர்தல் சமயம். ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசும் ஆடியோ வாட்ஸ்அப்பில் பரவியது. புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதியில் காவல் நிலையம் முற்றுகை, கல்வீச்சு, கடைசியில் 144 தடை உத்தரவு.

இத்தனைக்கும், ஒரு செய்தியை ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கோ குரூப்புக்கோ மட்டுமே ஃபார்வர்ட் செய்யலாம் என்ற கட்டுப்பாடு 2018லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்க. அன்றைக்குக் குரூப் உச்சவரம்பு 256 பேர். 5 × 256 = 1,280. ஒரே ஆள், ஒரே தட்டு. அதில் பத்து பேர் திருப்பி அனுப்பினால் சின்ன ஊர் முடிந்தது.

2020 ஏப்ரலில் வரம்பை இன்னும் இறுக்கினார்கள். பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். அத்தகைய ஃபார்வர்டுகள் 70% குறைந்ததாக வாட்ஸ்அப் சொன்னது. சரி, வேகத்தடை போட்டாச்சு. ஆனா நெட்வொர்க் பாஷையில் இது டிராஃபிக் பிரச்சினை மட்டுமில்லை, டோபாலஜி பிரச்சினை. சாதி குரூப்பில் எதிர்த்தரப்பு ஆள் ஒருத்தர்கூட இருக்க மாட்டார். "இது எங்க ஊர்க்காரன் குரல் இல்லைங்க" என்று சொல்ல அங்கே யாருமில்லை.

உசிலம்பட்டி பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகள் 1996ல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. பத்து வருஷம் அங்கே தேர்தல் முறையாக நடக்கவில்லை. 2006ல் நடந்தது. கலெக்டர் உதயசந்திரன் கிராமங்களுக்குப் போய் உட்கார்ந்து பேசினார். எந்த ஆப்பும் இல்லை.

அப்படிப் பேச மாதக்கணக்காகும். வதந்திக்கு ஒரு ராத்திரி போதும். இது நியாயமான எதிர்வாதம். அதனால்தான் சொல்கிறேன்: தாலுகா ஆபீஸ் அமைதிப் பேச்சுவார்த்தையில், எல்லாம் எரிந்த பிறகு எதிரெதிரே உட்காரும் அந்த இருபது பேரிடமும் ஒருத்தர் நம்பர் இன்னொருத்தரிடம் முன்கூட்டியே இருக்கணும். ராத்திரி பதினொரு மணிக்கு "அண்ணே, இது நிஜமா?" என்று கேட்கிற அளவுக்குப் பழக்கமும் இருக்கணும்.

நம்பரை நான் சேமித்துக் கொடுக்கலாம். பழக்கத்துக்குக் கோட் எழுத எனக்குத் தெரியாது.