இயற்பியலுக்கு அழைக்கிறோம், பிறகு?

பிப்ரவரி 11 வந்தால் பள்ளி, கல்லூரிகளில் ஒரே மாதிரி விழா நடக்கிறது. ஐ.நா. 2015இல் அறிவித்த, அறிவியலில் பெண்கள், சிறுமியருக்கான நாள் அது. மேரி கியூரியின் படம், பேச்சுப் போட்டி, ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்த ஒரு பெண் விஞ்ஞானியின் உரை. ‘உங்களாலும் முடியும்’ என்ற செய்தியோடு பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்புகிறார்கள். பெண்களை இயற்பியலுக்குக் கொண்டுவர நாம் எடுக்கும் முயற்சிகளில் பெரும்பகுதி இந்த அச்சில் வார்த்ததுதான். அதை வெறும் சடங்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால், கோளாறு இருக்கும் இடத்தில்தான் கைவைக்கிறோமா என்று கேட்டாக வேண்டும்.

ஊக்கம் தேவைப்படும் இடம் நிச்சயம் இருக்கிறது. இருபாலர் பள்ளியில் பிளஸ் டூ செய்முறை வகுப்பைக் கவனியுங்கள். மீட்டர் சமனச் சுற்றுக்கு ஒயர் இணைப்பதும், ஜாக்கியைக் கம்பியில் தொட்டுத் தொட்டு கால்வனாமீட்டர் முள் அசையாத புள்ளியைத் தேடுவதும் பல மேசைகளில் பையன்கள்தான். பக்கத்தில் நிற்கும் பெண் அளவுகளை அட்டவணையில் எழுதிக்கொண்டிருப்பாள். யாரும் அப்படி உத்தரவு போட்டதில்லை. சுற்றைத் தன் கையால் இணைத்துப் பார்க்காமலே ரெக்கார்டு நோட்டில் அவள் முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறாள்.

பள்ளிச் சூழலுக்கு எவ்வளவு வலு உண்டு என்பதை இங்கிலாந்தில் கணக்கெடுத்தே காட்டினார்கள். அங்குள்ள இயற்பியல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட அறிக்கையின்படி, முந்தைய ஆண்டில் இருபாலர் அரசுப் பள்ளிகளில் ஏறக்குறைய பாதியிலிருந்து ஒரு மாணவிகூட ஏ-லெவல் (நம் பிளஸ் டூ நிலை) இயற்பியலுக்குப் போகவில்லை. பெண்கள் பள்ளியில் படித்தவர்கள் அந்தப் பாடத்தை எடுக்கும் வாய்ப்போ இரண்டரை மடங்குக்கு அருகில் இருந்தது. நம் நாட்டில் 2019-20இல் தொடங்கிய ‘விஞ்ஞான் ஜோதி’ திட்டம் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியரை ஆய்வகங்களுக்கு அழைத்துப் போகிறது, பாடத்துக்கும் துணை நிற்கிறது. ஒருநாள் விழாவைவிட இது எவ்வளவோ மேல்.

ஒருநாள் உரை எதைச் சாதிக்கிறது? அமெரிக்காவில் ஸஹ்ரா ஹஸாரி குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகச் சோதித்தது. தனி வகுப்பு, பெண் ஆசிரியர், பெண் விஞ்ஞானியின் வருகை, பெண் விஞ்ஞானிகளைப் பற்றிய பாடம் என்று வழக்கமான நான்கு வழிகளுக்கும், மாணவியர் இயற்பியல் சார்ந்த அறிவியல் துறைகளை நாடுவதற்கும் தெளிவான தொடர்பு தென்படவில்லை. ஐந்தாவது வழிக்குத்தான் பலன் தெரிந்தது: இத்துறையில் பெண்கள் ஏன் குறைவு என்பதை வகுப்பிலேயே வெளிப்படையாகப் பேசுவது. நம் விழா மேடைகள் தவிர்த்துவிடும் பேச்சும் அதுதான்.

இந்தியாவுக்கு வந்தால் நிலைமையே வேறு. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி அறிவியல் படிப்புகளில் பெண்கள் 29.8 லட்சம், ஆண்கள் 27.4 லட்சம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. இயற்பியல் வகுப்பு பெண்களால் நிறைந்திருப்பது அன்றாடக் காட்சி. இவர்களிடம் போய் ‘ஆர்வம் கொள்ளுங்கள்’ என்பது ஏற்கெனவே பந்தியில் உட்கார்ந்தவரைச் சாப்பிட வாருங்கள் என்று அழைப்பது போன்றது. எம்.எஸ்சி. முடிந்ததும் பி.எட்., கல்யாணம், அல்லது இரண்டும். முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டு, அதன்பின் வெளிநாட்டில் ஓரிரு தற்காலிக ஆய்வுப் பணி. நிலையான வேலைக்கு விண்ணப்பிக்கும்போது வயது முப்பதைத் தாண்டிவிடும். பெண் வீட்டார் காத்திருக்க மறுக்கும் ஆண்டுகளும் அவைதான்.

இந்திய இயற்பியலாளர் அன்னா மணிக்கு யாரும் ஊக்கவுரை நிகழ்த்தத் தேவைப்படவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்தார். நிறமாலைப் பதிவுக்கு ஒளித்தகட்டை மணிக்கணக்கில் ஒளிபடும்படி வைத்திருக்க வேண்டும். அதற்காக இரவிலும் ஆய்வகத்திலேயே தங்கி உழைத்தார். 1942 முதல் 1945 வரை தனிப்பெயரில் ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். ஆய்வேட்டையும் எழுதி முடித்தார். எம்.எஸ்சி. இல்லை என்று சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. பிறகு இங்கிலாந்து போய் வானிலைக் கருவிகளைக் கற்றுவந்து, இந்திய வானிலைத் துறையின் கருவித் தயாரிப்பையே நிலைநிறுத்தினார். நாடு ஒரு சிறந்த வானிலை அறிஞரைப் பெற்றது என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். இயற்பியல் அவரை இழந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் இயற்பியலாளர் மரியா கெப்பர்ட் மேயருக்கு நேர்ந்தது இன்னும் நீண்ட கொடுமை. கணவர் பேராசிரியராக இருந்த பல்கலைக்கழகங்களில் அவர் ஆண்டுக்கணக்கில் சம்பளமில்லாமல் உழைத்தார். முழுச் சம்பளத்தோடு முழுநேரப் பேராசிரியர் பணி கிடைத்தது 1960இல். மூன்றே ஆண்டில் நோபல் பரிசு. கணவன் மனைவி இருவரையும் ஒரே துறையில் எடுக்கத் தயங்கும் எழுதப்படாத வழக்கம் இந்திய நிறுவனங்களை விட்டு இன்னும் முழுதாக நீங்கவில்லை. இயற்பியலில் நல்ல ஆய்வகங்கள் சில ஊர்களில்தான் உண்டு. ஒருவருக்கு மட்டும் வேலை கிடைத்தால் வீட்டில் இருக்கப் போவது யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2016ஆம் ஆண்டின் யுஜிசி விதிகள் பெண்களுக்கு முனைவர் பட்டக் காலத்தில் இரண்டு ஆண்டு கூடுதலும் 240 நாள் மகப்பேறு விடுப்பும் தந்தன. பணியிடைவெளிக்குப் பிறகு திரும்பும் பெண்களுக்கான உதவித்தொகை பலரை மீண்டும் ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் அந்த உதவி பெரும்பாலும் மூன்று ஆண்டோடு முடிகிறது. நாலாம் ஆண்டு அப்படித் திரும்பியவர் மறுபடி வாசலில் நிற்கிறார், வயது மட்டும் கூடியிருக்கிறது.

இந்திய இயற்பியல் சங்கத்தின் பாலினப் பணிக்குழு முன்னெடுத்த 2019ஆம் ஆண்டின் ஹைதராபாத் சாசனம் சரியான இடத்தைத் தொட்டது: குறை பெண்களின் திறமையிலோ ஆர்வத்திலோ இல்லை, இத்துறையின் நடைமுறையில் இருக்கிறது என்றது. அப்படியானால் மாற வேண்டியவர்கள் தேர்வுக்குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள். ஒவ்வோர் இயற்பியல் துறையும் எத்தனை பெண்கள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை நேர்காணலுக்கு அழைத்தோம், எத்தனை பேரை எடுத்தோம் என்று ஆண்டுதோறும் வெளியிடட்டும். நேர்காணலில் கல்யாணத்தைப் பற்றியும் குழந்தையைப் பற்றியும் கேட்பது நிற்கட்டும். இரவில் ஆய்வகத்திலிருந்து விடுதிக்குப் போக வண்டி ஏற்பாடு செய்யட்டும். விழாச் செலவில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினாலே தொடங்கிவிடலாம்.