வர்ணத்துக்குக் கீழே

இத்தாலியக் கார் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ஃபியட் 1100. பம்பாயில் பிரீமியர் கம்பெனி செய்து, பின்னால் பத்மினி என்று பெயர் மாறி, கல்யாண வீட்டு வாசலிலிருந்து டாக்ஸி ஸ்டாண்டு வரையில் எங்கும் நின்ற வண்டி அது. குடும்பஸ்தன் வண்டி. அதே நாட்டில் அதே காலத்தில் பிறந்த இன்னொரு ரகம் உண்டு. இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, பின்புறம் வழுக்கி இறங்கும் கண்ணாடி; 'கூப்பே' என்பார்கள். அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இன்றைக்கு அதை வாங்கப் போகிறவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்ல உத்தேசம். வாங்கப் போகாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். ஒரு பொருளை எப்படிப் பார்ப்பது என்பதுதான் விஷயம். அதில் காருக்கும் கதைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

நான் எடுத்துக்கொண்டது ஆல்ஃபா ரோமியோ கம்பெனியின் ஜூலியா ஸ்பிரிண்ட் ஜி.டி. மிலானில் உத்தியோகமாக இருக்கும் சிநேகிதர் ஒருவர் இந்தக் காரின் மேல் பித்துப் பிடித்தவர். அங்கே போயிருந்தபோது அவரோடு நாலைந்து வண்டிகளைப் பார்க்கப் போனேன். அவர் வீட்டு அலமாரியில் இதைப் பற்றிய புத்தகங்கள் ஒரு வரிசை இருந்தன. வண்டிகளையும் பார்த்தேன், அவருடைய உதவியோடு புத்தகங்களையும் பார்த்தேன். புத்தகங்களைவிட வண்டிகள் எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தன.

1963 செப்டம்பரில் இந்தக் கார் வெளிவந்தது. உருவம் வரைந்தவர் ஜியார்ஜெட்டோ ஜுஜாரோ. சித்திரக்காரர் குடும்பத்துப் பிள்ளை. டூரின் நகரத்தில் பெர்டோனேயின் பட்டறையில் வேலை பார்த்தவர். கார் வெளிவந்தபோது அவருக்கு வயது 25. உள்ளே இருந்த எஞ்சின் 1570 சி.சி. பிளாக் அலுமினியம், மேலே இரண்டு காம்ஷாப்ட். ஐந்து கியர், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். நம் பத்மினி வெகு காலம் நாலு கியரோடும் டிரம் பிரேக்கோடும் ஓடியதை நினைத்துப் பார்த்தால், 1963-இல் இது எவ்வளவு முன்னால் போயிருந்தது என்பது விளங்கும். இவ்வளவையும் அவர்கள் கோடீசுவரர்களுக்காகச் செய்யவில்லை. டாக்டர், வக்கீல், சின்னத் தொழிற்சாலை வைத்திருப்பவர் போன்றவர்கள் வாங்கிக்கொண்டு, பின் ஸீட்டில் குழந்தைகளை உட்கார்த்தி வைத்து ஓட்டிப் போகவே செய்தார்கள். 1976 வரை பல உருவங்களில், பல எஞ்சின்களோடு, இரண்டு லட்சத்துக்கு மேல் விற்றது. இந்த உண்மையை மனசில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல மயக்கங்களிலிருந்து தப்பிக்கலாம்.

வாங்குவதற்கு வழி காட்டும் புத்தகங்களில் ஒரு குறை. அவை பட்டியல் போடுகின்றன. பம்பர், விளக்கு, ஸீட் துணி, எஞ்சின், துரு எல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கும். எது உயிர், எது நகை என்ற தராதரம் இல்லை. விமரிசகன் வேலை முதலில் தராதரம் சொல்வது. என் வரிசை இது: முதலில் தகடு, பிறகு தஸ்தாவேஜு, அதற்கப்புறம் எஞ்சின், எல்லாவற்றுக்கும் கடைசியில் வர்ணம். ஆனால் வாங்குகிறவர்கள் அநேகமாக இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

தகடு ஏன் முதலில் என்றால், இந்தக் காருக்குத் தனியாகச் சட்டம் கிடையாது. லாரிக்கு இருப்பதுபோல் ஒரு இரும்புச் சட்டத்தின் மேல் உடம்பைத் தூக்கி வைக்கவில்லை. தகடுகளை மடித்து ஒட்டிய உடம்புதான் எலும்பும். இரண்டு பக்கத்திலும் கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஒரு பெட்டி ஓடுகிறது. உள்ளும் புறமுமாக மூன்று தகடுகள் சேர்ந்தது. வண்டியின் முதுகெலும்பு என்று அதைச் சொல்லலாம். அந்தக் காலத்தில் துருவுக்கு எதிராகச் செய்த பாதுகாப்பு சொற்பம். பனிக் காலத்தில் ஐரோப்பியச் சாலைகளில் உப்புப் போடுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் பெட்டிக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். வெளித் தகடு கண்ணாடி மாதிரி இருக்க, நடுத் தகடு பொடியாகிக் கிடக்கும். ஓலைச் சுவடிக் கட்டில் மேலோடு நன்றாயிருந்து, அவிழ்த்தால் உள்ளே செல்லரித்து உதிர்வதில்லையா, அந்த மாதிரி.

இதைக் கண்டுபிடிக்க வல்லுநராக இருக்க வேண்டியதில்லை. சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனால் போதும். கதவுக்கு அடியிலும் பின் சக்கரத்து வளைவிலும் மெல்ல வைத்துப் பார்க்க வேண்டும். பட்டி வைத்துத் தேய்த்த இடத்தில் காந்தம் பிடிக்காது. பிறகு வண்டியின் ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கிக் கதவைத் திறந்து மூட வேண்டும். தூக்குவதற்கு முன் சரியாக மூடிய கதவு தூக்கிய பிறகு உரசினால் எலும்பு விட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். ரேடியேட்டருக்கு அடியில் குறுக்கே ஓடும் தகட்டையும், முன் கண்ணாடியின் அடி விளிம்பையும் விடக் கூடாது. விற்கிறவர் "விரிப்பை ஒட்டிவிட்டோம், எடுக்க முடியாது" என்று சொன்னால், அவருக்கு வந்தனம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம்.

என் சிநேகிதர் முதலில் வாங்கிய வண்டி நல்ல சிவப்பு. முகம் பார்க்கலாம் போல் பாலிஷ். வாங்கி எட்டு மாதத்தில் கதவுக்கு அடியில் வர்ணம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிற்று. டிங்கரிங் பட்டறைக்காரர் சுரண்டிப் பார்த்தார். பட்டியும், அதற்குள் பத்திரிகைக் காகிதமும் இருந்தன. விற்ற மனிதர் யார் என்பது இங்கே முக்கியமில்லை. அவரைப் போல எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தகட்டை வெட்டிப் புதுசு வைத்துச் சேர்க்க ஆன செலவு வண்டியின் விலையைத் தொட்டது. சிநேகிதர் ஐந்து வருஷம் சேர்த்த பணம் அது. அவருடைய மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவரை அதிகம் உறுத்தியது.

அடுத்தது தஸ்தாவேஜு. நம் பழைய நூல்களில் இடைச்செருகல் என்று ஒரு தொல்லை உண்டல்லவா? இங்கேயும் உண்டு. 1965-இல் இதே காரில் ஜி.டி.ஏ. என்று ஒன்று செய்தார்கள். 'ஏ' என்பது எடை குறைக்கப்பட்டது என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லின் முதலெழுத்து. வெளித் தகடுகளை அலுமினியத்தில் அடித்து, ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக் வைத்து, எடையில் சுமார் 200 கிலோ குறைத்தார்கள். பந்தயத்துக்காகச் சுமார் 500 வண்டிதான் செய்தார்கள். இன்றைக்கு அதன் விலை சாதாரண வண்டியைப் போலப் பல மடங்கு. ஆகவே சாதாரண 1300 ஜூனியரை எடுத்து, அதே சக்கரம், அதே சின்னம், பக்கவாட்டில் அதே முக்கோண ஸ்டிக்கர் எல்லாம் வைத்து ஜி.டி.ஏ. என்று நிறுத்திவிடுகிறார்கள். இங்கே நம் காந்தம் நேர்மாறாகச் சாட்சி சொல்லும்; கதவில் சிக்கென்று பிடித்தால் கதவு இரும்பு, சங்கதி பொய். எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகட்டில் வண்டியின் நம்பர் வெட்டியிருக்கும். முதல் ஸ்பிரிண்ட் ஜி.டி. என்றால் ரகம் 105.02, ஜி.டி.ஏ. என்றால் 105.32. மிலானுக்குப் பக்கத்தில் ஆரேஸெயில் கம்பெனியின் மியூசியமும் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. நம்பரைக் கொடுத்தால் பழைய பதிவைப் பார்த்து அந்த வண்டி எப்போது தயாராயிற்று, என்ன வர்ணத்தில் வெளியே போயிற்று என்று சொல்லிவிடுவார்கள். சிவப்பாக நிற்கும் எத்தனையோ வண்டிகள் பிறந்தபோது வெள்ளை, சாம்பல், நீலம் என்று இருந்தவை. இத்தாலியக் கார் என்றால் சிவப்புத்தான் என்று யாரோ முடிவு கட்டிவிட்டார்கள். பிறந்த வர்ணத்தை மாற்றுவது பாவமில்லை. மாற்றியதை மறைப்பதுதான் குற்றம்.

எஞ்சினை மூன்றாவதாக வைத்ததற்குக் காரணம், அதைத் திருத்த முடியும். சாமான் கிடைக்கிறது, தெரிந்த மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். ஆனாலும் பார்க்க வேண்டியதைப் பார்க்கத்தான் வேண்டும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே எண்ணெய் ஏறும் வழிகளைச் சுற்றிச் சின்ன ரப்பர் வளையங்கள் உண்டு. அவை காய்ந்துபோனால் எண்ணெயும் தண்ணீரும் கலக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் காப்பி நுரை மாதிரி மிதக்கும். கியர் பெட்டியில் பலவீனம் இரண்டாவது கியர். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே வளையம் தேய்ந்திருக்கிறது. இதைப் பேரம் பேச உபயோகித்துக்கொள்ளலாம்; இதற்காக மட்டும் நல்ல உடம்புள்ள வண்டியை விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவில் விற்ற பின்னாள் வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதிலாக ஸ்பிகா என்ற பெட்ரோல் பம்பு வைத்தார்கள். தெரிந்தவர் கையில் அது நன்றாகவே வேலை செய்கிறது. தெரியாதவர்கள் கழற்றிப் போட்டிருக்கிறார்கள்.

இனி ரசனை. முதல் வண்டிகளில் பானெட்டின் முன் விளிம்பு மூக்குக்கு மேலே மெல்லிய படி போல உயர்ந்து நிற்கும். இத்தாலியில் அதைப் 'படி' என்றே செல்லமாகச் சொல்கிறார்கள். தகடுகள் சேரும் இடத்தை மறைக்கச் சிரமப்படாமல் அதையே ஒரு கோடாக வரைந்துவிட்டார் அந்த இளைஞர். 1965-இல் அவர் பெர்டோனேயை விட்டுப் போனார். சில வருஷத்தில் வந்த 1750 ஜி.டி.வி.யில் படியை எடுத்து மூக்கை வழவழப்பாக்கி, இரண்டு விளக்கு இருந்த இடத்தில் நாலு வைத்தார்கள். 1971-இல் எஞ்சினை 2000 சி.சி. வரை பெருக்கினார்கள். வேகம் கூடிற்று, விலையும் இன்றைக்குக் கூடுதல். என்னைக் கேட்டால் முகம் மட்டும் கொஞ்சம் பொதுவாகிவிட்டது. 1966-இல் வந்த 1300 ஜூனியரில் 1970 வரை அந்தப் படி இருந்தது. சின்ன எஞ்சின் என்று சிலர் அதை ஒதுக்குகிறார்கள். ஊர்களுக்கு நடுவே வளைந்து போகும் சாலையில் அந்தச் சின்ன எஞ்சினைப் பாடவிட்டு ஓட்டுவது பெரிய எஞ்சினை அடக்கி ஓட்டுவதைவிடச் சுகம் என்பது சிநேகிதரின் கட்சி. பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து வந்தவன் என்ற முறையில் நானும் அந்தக் கட்சிதான்.

கடைசியில் ஒரு வழக்கை எடுத்துப் பேச வேண்டும். இன்றைக்கு இந்தக் கார்களைப் புதுப்பிப்பது ஒரு பெரிய தொழில். ஒவ்வொரு ஸ்குரூவையும் கழற்றி, தொழிற்சாலையை விட்டு வந்த நாளில்கூட இல்லாத பளபளப்பைக் கொடுத்துவிடுகிறார்கள். அதைத் திரை போட்டு மூடிவைத்து, விலை ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குழந்தைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓட்டுவதற்காகச் செய்த வண்டி பாங்கு லாக்கர் நகை ஆகிவிட்டது. நான் பழமைப் பித்தன் அல்ல. செல்லரித்த தகட்டை மாற்றத்தான் வேண்டும், பிரேக்கைச் சரி பண்ணத்தான் வேண்டும். ஆனால் ஐம்பது அறுபது வருஷம் ஒரு ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடித்த கைகளின் தேய்மானத்தையும் சேர்த்து அழித்துவிட்டால் மிச்சம் இருப்பது நல்ல நகல்தான். செப்பனிடுகிறவன் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

சிநேகிதர் அந்தச் சிவப்பு வண்டியை, செய்த வேலையெல்லாம் சொல்லி, நஷ்டத்துக்கு விற்றார். இரண்டாவதாக வாங்கியது 1969-ஆம் வருஷத்து ஜூனியர். வெள்ளை, பிறந்த வெள்ளை. ஒரு கதவில் கீறல், ஸீட்டில் தையல் விட்டிருக்கிறது. தகடு மட்டும் அடியிலிருந்து முடி வரை நாணயமானது. பில்களும் பழைய பதிவுப் புத்தகமும் ஒரு காகித உறையில் சேர்ந்து வந்தன. பார்த்த வண்டிகளிலேயே அழகு குறைந்தது எது என்று முதல் நாள் கேட்டிருந்தால் நான் இதைத்தான் காட்டியிருப்பேன். அவர் விலையைக்கூட அதிகம் பேசவில்லை. காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு, சாவியை வாங்கிக்கொண்டார்.