செல்லரித்த பக்கங்கள்

கீழ்வேளூரில் எங்கள் பாட்டி வீட்டுப் பரணில் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் பைண்டு வடிவில் இருந்தது. வாராவாரம் கல்கிப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்தது. ஐந்தாம் பாகமான 'தியாக சிகர'த்தின் கடைசிப் பக்கங்கள் மட்டும் செல்லரித்துப் போயிருந்தன. ஆகவே, பதினான்காவது வயதில் எனக்குக் கதை பட்டாபிஷேகத்தோடு முடிந்துவிட்டது. உள்ளதைச் சொன்னால், ஏமாந்துபோனேன்.

1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை, மூன்றரை வருஷம் வாசகர்களைக் காக்க வைத்த கதை. கடைசி பாகம் அந்தக் காத்திருப்புக்கு ஈடு கொடுத்ததா?

ஆரம்பம் பிரமாதம். நாகப்பட்டினத்தில் கடல் பொங்குகிறது; சூடாமணி விஹாரத்தில் வெள்ளம் ஏறுகிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதை யாரும் வர்ணித்துக் காட்ட வேண்டியதில்லை. கதை வந்துகொண்டிருந்தபோதே, 1952 நவம்பரில், நாகையில் பெரும் புயல் அடித்தது. 2018-ல் கஜா புயலுக்குப் பிறகு, மின்சாரம் இல்லாத இரவுகளில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்த அத்தியாயங்களை மறுபடி படித்தேன். ஒரு வரியும் மிகையாகத் தோன்றவில்லை.

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று தீர்த்துச் சொல்லவில்லையே என்பது பலருடைய குறை. உடையார்குடிக் கல்வெட்டு, துரோகிகள் என்று ரவிதாசன் முதலியோரின் பெயர்களைச் சொல்கிறது. கல்கியோ சந்தேகத்தை அப்படியே விட்டுவிட்டார். பெரிய பழுவேட்டரையரும் 'நானே கொன்றேன்' என்கிறார். மணிமேகலையும் அப்படியே சொல்கிறாள். பழியை ஏற்கப் போட்டி போடும் மனிதர்களைக் காட்டிய பிறகு, குற்றவாளியின் பெயர் எதற்கு? எனக்கு இதில் குறையில்லை.

என் குறை வேறு. அருள்மொழிவர்மன் சிற்றப்பாவுக்கு ராஜ்யத்தை விட்டுக்கொடுத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. நாவலில் அந்தச் சிற்றப்பா யார்? பேராசை பிடித்த மதுராந்தகன் அல்ல. உண்மையான வாரிசு, பூமாலை கட்டும் சாது சேந்தன் அமுதன். உரிமையுள்ள நல்லவனுக்குக் கிரீடம் சூட்டுவதில் என்ன வலி இருக்கிறது? தியாகம் மலிவாகிவிட்டது. 2023-ல் வந்த திரைப்படம் இந்த ஆள்மாற்றத்தை விட்டுவிட்டு, மதுராந்தகனுக்கே முடிசூட்டியது. அந்த ஒரு விஷயத்தில் படத்துக்குத் துணிச்சல் அதிகம்.

இப்படித்தான் பல வருஷம் நினைத்திருந்தேன். பிறகு ஒரு நூலகத்தில் முழுப் புத்தகம் கிடைத்தது. பாட்டி வீட்டுச் செல் தின்ற பக்கங்களில் மணிமேகலை இருந்தாள். தான் விரும்பியவனுக்காகக் கொலைப் பழியைச் சுமந்தவள். அவன் மனசு குந்தவையிடம் இருப்பதை அறிந்தவள். சித்தம் கலங்கி, கடைசியில் வந்தியத்தேவன் மடியில் உயிரை விடுகிறாள். அருள்மொழியின் தியாகத்துக்கு ஊரே ஜயகோஷம் போட்டது. இவளுக்கு ஒரு மேளம்கூட இல்லை. புத்தகத்தின் பெயருக்கு உரியவள் இவள்தான்.

கல்கி அதோடு நிறுத்தியிருக்கலாம். வாசகர்களுடைய கேள்விகளுக்குப் பதிலாக ஒரு முடிவுரை எழுதி, யார் யாருக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லிவிட்டார். வாரந்தோறும் காத்திருந்தவர்களுக்கு அவர் பட்ட கடன் அது. அதே 1954 டிசம்பரில் அவர் காலமாகிவிட்டார் என்பதை நினைத்தால் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு யோசனை: கடைசி அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடி வையுங்கள். முடிவுரையை மறுநாள் படித்துக்கொள்ளலாம்.