சிரிக்கத் தெரிந்த சி.ஐ.டி.: சேலத்து உளவுப் படங்களும் பகடியும்

உளவுப் பகடிப் படம் என்பது, ஒற்றர் கதைக்குரிய எல்லாப் பொருள்களையும் (கறுப்புக் கண்ணாடி, கைத்துப்பாக்கி, எண் பெயர், பாதாள அறை, மது விடுதி நடனம்) எடுத்துக்கொண்டு, அவற்றை முழுதாக நம்பாமல் சிரித்துக்கொண்டே சொல்லும் படம். 1962இல் 'டாக்டர் நோ' வெளிவந்த பிறகு இவ்வகை பெருகியது. பிரிட்டனில் 1964இல் 'கேரி ஆன் ஸ்பையிங்' வந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1965இல் தொடங்கிய 'கெட் ஸ்மார்ட்' நாயகன் காலணியைக் கழற்றித் தொலைபேசியில் பேசினான். 1967இல் வந்த 'கேசினோ ராயல்' படத்தில் யார் உண்மையான பாண்ட் என்பதே குழப்பம். இதே ஆண்டுகளில் தமிழில் வந்த உளவுப் படங்களை 'மேல்நாட்டுப் படங்களின் நகல்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். அந்தத் தீர்ப்பு அவசரமானது என்பது என் கருத்து.

கொல்லிமலைப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியராக இருந்தபோது ஒரு திங்கட்கிழமை வகுப்பில் சலசலப்பு. முந்திய நாள் தொலைக்காட்சியில் 'சி.ஐ.டி. சங்கர்' ஓடியிருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "சார், இதை அவங்க சிரிக்கிறதுக்குன்னே எடுத்தாங்களா, இல்ல நாமதான் சிரிக்கிறோமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அன்று அவனுக்குச் சரியான பதில் சொல்லவில்லை. இலக்கண வகுப்பு பாதியில் நின்றது.

சேலமும் எண்களும்

கேள்விக்கு விடை தேட, மலையிலிருந்து இறங்கிச் சேலம் போக வேண்டும். கொல்லிமலை அன்று சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது (நாமக்கல் மாவட்டம் 1997இல் பிரிந்தது). சேலத்தில் டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த நிறுவனம். தமிழின் முதல் வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) அங்கிருந்து வந்ததே. 1963இல் டி.ஆர். சுந்தரம் மறைந்தபின் அவர் மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்றார், ஆர். சுந்தரம் என்ற பெயரில் இயக்கியவர் இவர். 1966இல் இவர் தயாரித்து இயக்கிய 'வல்லவன் ஒருவன்', முந்திய ஆண்டு 'இரவும் பகலும்' படத்தில் அறிமுகமாகியிருந்த ஜெய்சங்கரைத் 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' ஆக்கியது.

பட்டம் பாண்டுடையது என்றாலும் கதை பாண்டிடமிருந்து வரவில்லை. 1964இல் வந்த ஒரு பிரெஞ்சுப் படத்தைத் தழுவியது அது. பாங்காக் நகரில் நடக்கும் அந்தப் படத்தின் நாயகன் ஓ.எஸ்.எஸ். 117. எழுத்தாளர் ழான் புரூஸ் 1949இல் படைத்த பாத்திரம் இது. பாண்ட் நாவல் முதலில் வந்ததோ 1953இல். எண்ணில் மட்டுமல்ல, வயதிலும் 117 மூத்தவர். பிறகு எண்கள் தென்னாட்டில் பெருகின. 1966இல் தெலுங்கில் 'கூடசாரி 116', அதுவே 1967இல் இந்தியில் 'ஃபர்ஜ்'. 1968இல் தமிழில் 'ரகசிய போலீஸ் 115'. அதே ஆண்டு கன்னடத்தில் ராஜ்குமார் சி.ஐ.டி. 999 ஆக வந்த 'ஜேடர பலெ'. வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிடலாம்போல் இருக்கிறது.

அசலும் கேலியும் ஒரே பெட்டியில்

பகடி என்றால் அசலை முன்பே அறிந்திருக்க வேண்டும் என்று இலக்கிய வகுப்பில் சொல்லித்தருவோம். லண்டனில் 'கேசினோ ராயல்' பார்த்தவர் அதற்கு முன் நான்கு பாண்ட் படங்களாவது பார்த்திருக்கக்கூடும். சேந்தமங்கலம் கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்த எனக்கு அந்த வசதி இல்லை. எங்கள் மலையூரில் கொட்டகை கிடையாது; இறங்கிப் போனால்தான் படம். அங்கே நான் பாண்டைப் பார்த்ததேயில்லை, ஜெய்சங்கரைத்தான் பார்த்தேன். அதாவது அசலும் அதன் கேலியும் எங்களுக்கு ஒரே பெட்டியில் வந்து சேர்ந்தன. ஒற்றன் என்றால் இப்படி இருப்பான் என்று அறிமுகம் செய்துகொண்டே, 'இதெல்லாம் ஒரு விளையாட்டு, தெரியுமல்லவா?' என்று கண் சிமிட்டவும் வேண்டியிருந்தது. மேல்நாட்டுப் பகடிப் படங்களுக்கு இந்த இரட்டை வேலை இல்லை.

கண் சிமிட்டல் எங்கே இருக்கிறது? முதலில் அந்தச் 'சி.ஐ.டி.' என்ற சொல்லில். பாண்ட் வெளிநாட்டு உளவுத்துறையின் ஆள். 1966இல் இந்தியாவில் அப்படித் தனித்துறையே கிடையாது. 'ரா' அமைப்பு தோன்றியது 1968இல். தமிழ் மக்கள் அறிந்த சி.ஐ.டி., கட்சிக் கூட்டத்தின் ஓரத்தில் மஃப்டியில் நின்று குறிப்பெடுக்கும் போலீஸ்காரர். அடுத்த வீட்டுச் சமாசாரத்தை அதிகம் விசாரிப்பவரை எங்கள் பக்கம் இன்றும் 'பெரிய சி.ஐ.டி.' என்றே கிண்டல் செய்வார்கள். அப்படிப்பட்ட மாதச் சம்பளக்காரர் ஒருவர் கோட்டு அணிந்து உலகச் சதியை முறியடிக்கிறார் என்பதே பாதி நகைச்சுவை. 'சங்கர்' என்ற பெயரும் புதிதல்ல. தமிழ்வாணனின் சங்கர்லாலைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அது வீட்டுப் பெயர்.

மறுபாதி ஜெய்சங்கரின் நடிப்பில் இருக்கிறது. 'ரகசிய போலீஸ் 115' படத்தோடு ஒப்பிட்டால் இது விளங்கும். பி.ஆர். பந்துலு இயக்கிய அந்தப் படம் நேர்த்தியானது, பொழுதுபோக்கில் குறைவில்லாதது. ஆனால் எம்.ஜி.ஆர். நடிக்கும்போது ரசிகர் அவரோடு சேர்ந்து சிரிக்கலாமே தவிர, அவரைப் பார்த்துச் சிரிக்க முடியாது. அவருடைய பிம்பம் அதற்கு இடம் தராது. ஜெய்சங்கருக்கு அந்தச் சுமை இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு படம் வருகிறது என்று சொல்லும்படி நடித்துக்கொண்டிருந்தவர் அவர். வேகமாக நடப்பார், அடி கொடுப்பார், அரைப் புன்னகையோடு அடுத்த காட்சிக்குப் போய்விடுவார். ஆபத்தைப் பார்க்கும் அவருடைய முகத்தில் 'நானும் உங்களைப்போலத்தான் இதைப் பார்க்கிறேன்' என்ற பாவம் எப்போதும் உண்டு. இதை நடிப்புத் திறன் குறைவு என்று எழுதியவர்கள் உண்டு. உளவுப் படத்தில் அதுவே திறன்.

வேதாவின் இசையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேல்நாட்டு மெட்டுகளையும் இந்தி மெட்டுகளையும் தயங்காமல் எடுத்தாண்டவர் என்று அவர்மீது குற்றச்சாட்டு உண்டு, அது உண்மைதான். ஆனால் 'வல்லவன் ஒருவன்' கறுப்பு வெள்ளைப் படம். பாண்ட் படங்களின் வண்ணமும் வெளிநாட்டுக் கடற்கரையும் இல்லாத இடத்தில், அந்தத் துள்ளலைக் காது வழியாகக் கொடுத்தவர் வேதா. எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் தொடங்கியதும் சேலத்து ஸ்டூடியோ தளம் ஏதோ வெளிநாட்டு விடுதியாகிவிடும்.

சிரிக்காத இடம்

இத்தனை சொன்னபின் குறையையும் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் இவ்வகைப் படங்கள், பெண் பாத்திரங்களிடம் மட்டும் விளையாட்டை நிறுத்திவிடுகின்றன. மயக்கும் நடனக்காரி கடைசியில் சாக வேண்டும், அல்லது திருந்த வேண்டும். எங்கள் மலைக்கே உரிய கொல்லிப்பாவையை எண்ணிப் பாருங்கள். பூதம் செய்துவைத்த பாவை என்று சங்கப்பாடல் சொல்வது. சிரித்து அழைத்து, வந்த பகைவரைக் கொல்வது என்று மலைமக்கள் சொல்வது. அந்தப் பாவைக்குக் கோயில் கட்டினார்கள். திரைப்படத்துப் பாவைக்குத் துப்பாக்கிக் குண்டுதான்.

இதில் ஒரு விந்தை நடந்தது. 1970இல் வந்த 'சி.ஐ.டி. சங்கர்' படத்தில் ஜெய்சங்கரோடு நடித்தவர் ஏ. சகுந்தலா. படத்தில் சி.ஐ.டி. என்னவோ சங்கர்தான்; ஆனால் அந்த மூன்றெழுத்து ஒட்டிக்கொண்டது நடிகையின் பெயரில். 2024இல் அவர் மறைந்தபோதும் செய்திகள் அவரைச் 'சி.ஐ.டி. சகுந்தலா' என்றே குறித்தன. படத்தின் மிகச் சிறந்த பகடி திரைக்கு வெளியே நடந்தது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் அந்தப் பட்டத்தோடு அவருக்குப் பின்னாளில் பெரும்பாலும் வந்தவை கவர்ச்சி நடனங்களும் வில்லி வேடங்களுமே. துப்பறியும் பெண்ணாக அவரை வைத்து ஒரு முழுநீள வேடிக்கைப் படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

பிற்பாடு இந்த வகை தமிழில் தடுமாறியது. 1986இல் சுஜாதா எழுத்தில் வந்த 'விக்ரம்' ராக்கெட் கடத்தல், கணினி என்று இறுக்கமாகத் தொடங்கி, சலாமியா என்ற கற்பனை நாட்டுக்குள் நுழைந்ததும் ஜனகராஜின் மொழிபெயர்ப்பு வேடிக்கையாக மாறுகிறது. சலாமியா பகுதியைப் பலர் படத்தின் பலவீனம் என்பார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். ஒட்டுப்போட்டது தெரிகிறது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். 2022இல் அதே பெயரில் வந்த படத்தில் ஒற்றன் சிரிப்பதையே விட்டுவிட்டான்.

பிரான்சில் நடந்தது நேர்மாறு. மிஷேல் அசனவிசியஸ் 2006இல் அதே ஓ.எஸ்.எஸ். 117ஐ எடுத்து, ழான் துழார்தனை நடிக்கவைத்து, அப்பட்டமான கேலிப்படம் ஆக்கினார். பெரிய வெற்றி. தன் 117ஐப் பார்த்துச் சிரிக்கப் பிரெஞ்சு சினிமாவுக்கு நாற்பது ஆண்டு ஆயிற்று; ஏற்காடு சாலையில் இருந்த ஸ்டூடியோ 1966லேயே பாதி சிரிப்போடுதான் அவரை வரவேற்றது.

அந்த ஸ்டூடியோ இன்று இல்லை, நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. கேள்வி கேட்ட பையனைச் சில ஆண்டுகள் கழித்துச் செம்மேடு பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். "ரெண்டும்தாண்டா" என்றேன். அவனுக்குக் கேள்வியே மறந்துபோயிருந்தது.